மரபணுவைச் சேர்த்த பிறகே வேலை தொடங்குகிறது

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆனாலும், மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆனாலும், பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கு எதிரான தடுப்பூசி போட வேண்டும் என்பது தேசிய நோய்த்தடுப்பு அட்டவணையின் விதி. அந்தக் குழந்தையின் தாத்தாவோ பாட்டியோ சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால் அதிலும் வியப்பில்லை. முன்னது ஈஸ்ட்டுக்குள் உருவானது. பின்னது, தயாரிக்கும் நிறுவனத்தைப் பொறுத்து, ஈஸ்ட்டிலோ பாக்டீரியாவிலோ உருவானது. வைரஸின் மேலுறைப் புரதத்தையும் மனிதக் கணையத்தின் ஹார்மோனையும், அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நுண்ணுயிர் செய்து தருகிறது.

இந்தக் குமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். அதற்கு முன் ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் இத்தகைய ஈஸ்ட்டை வளர்த்துப் புரதம் எடுப்பதே என் வேலையாக இருந்தது. பாடநூல்களில் இந்தப் பொருளுக்கு வழக்கமாக ஒரு படம் போட்டிருப்பார்கள்: வட்டமான பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமந்து செல்லும் சிறு டிஎன்ஏ வளையம்), அதில் வெட்டி ஒட்டிய மரபணு, ஓர் அம்புக்குறி, ஈஸ்ட் உயிரணு, இன்னோர் அம்புக்குறி, மருந்துக் குப்பி. மாணவர்கள் முதல் அம்புக்குறி வரை ஆர்வமாகப் படிக்கிறார்கள். மரபணு உள்ளே போய்விட்டால் மற்றது தானாக நடந்துவிடும் என்று நம்புகிறார்கள். ஆனால் இத்துறையின் கடினமான உழைப்பும் அறிவுக்கூர்மையும் இரண்டாவது அம்புக்குறிக்குள்தான் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஈஸ்ட்டைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் பனையேறி காலையில் இறக்கிக் கொண்டுவருவது அக்கானி, அதாவது பதநீர்; பூசாமல் விட்டால் அதே சாறு கள்ளாகிவிடும். காற்றிலும் பூச்சிகளின் உடலிலும் பாளையின் மேலும் இருக்கும் ஈஸ்ட், சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்குகிறது. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோய் அதைத் தடுக்கிறது. இந்தப் புளிப்பில் பங்குபெறும் ஈஸ்ட்டுகளில் முதன்மையானது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. பேக்கரியில் ரொட்டி மாவை உப்பவைப்பதும் அதே இனம்தான். மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உண்டும் குடித்தும் வந்த உயிர் என்பதால், அதை மருந்துத் தயாரிப்புக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுந்தபோது பாதுகாப்பைப் பற்றிய ஐயம் பெரிதாக எழவில்லை.

பார்வைக்கு ஈஸ்ட்டும் பாக்டீரியாவைப் போல ஓர் ஒற்றை உயிரணுதான். ஆனால் உள்ளமைப்பில் அது நமக்கு நெருங்கிய உறவு. உட்கரு உண்டு, புரதங்களை மடித்து ஒழுங்குபடுத்தும் எண்டோபிளாச வலைப்பின்னல் உண்டு, அவற்றின் மேல் மாற்றங்கள் செய்து வெளியே அனுப்பும் கோல்கை உறுப்பு உண்டு. பாக்டீரியாவில் இவை எதுவும் இல்லை. 1996ஆம் ஆண்டு, உட்கருவுள்ள உயிர்களில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது இந்த ஈஸ்ட்டுக்குத்தான்: 16 குரோமோசோம்கள், ஏறத்தாழ 1.2 கோடி எழுத்துகள், சுமார் 6,000 மரபணுக்கள். சத்தான ஊடகத்தில் (வளர்ப்புக் கரைசலில்) ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் வேகமும், நம் உயிரணுக்களைப் போலப் புரதத்தைச் செப்பனிடும் ஏற்பாடும் ஓருயிரில் சேர்ந்திருப்பதுதான் ஈஸ்ட்டின் சிறப்பு.

மரபணுவை உள்ளே செலுத்தும் முதல் பகுதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1978இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹின்னன், ஹிக்ஸ், ஃபிங்க் ஆகிய மூவரும், லூசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ள இயலாத ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டு, அதற்குத் தேவையான மரபணுவைப் பிளாஸ்மிட் வழியாகச் செலுத்தினார்கள். லூசின் இல்லாத ஊடகத்தில் எந்த ஈஸ்ட் வளர்ந்ததோ அதனுள் மரபணு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். இன்றும் இதே தேர்வுமுறைதான் பரவலாகப் பயன்படுகிறது. நமக்கு வேண்டிய அயல் மரபணுவை, ஈஸ்ட்டுக்கு உயிர்வாழத் தேவையான ஒரு மரபணுவோடு சேர்த்து அனுப்புகிறோம். 1983இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், லித்தியம் அசிடேட்டும் சிறிது சூடும் போதும், ஈஸ்ட்டின் சுவரைக் கரைக்காமலேயே டிஎன்ஏவை உள்ளே அனுப்பலாம் என்று காட்டிய பிறகு, இது ஓர் இளநிலை மாணவர் ஆய்வகத்திலேயே செய்துவிடக்கூடிய சோதனையாகிவிட்டது.

உள்ளே சென்ற மரபணு இயங்க வேண்டுமானால் அதன் முன்னால் ஈஸ்ட்டுக்குப் புரியும் ஒரு தொடக்கப் பகுதி வேண்டும், புரொமோட்டர் என்பார்கள். மனித மரபணுவுக்கு முன்னால் மனிதப் புரொமோட்டரையே வைத்தால் ஈஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது. எனவே ஈஸ்ட்டின் சொந்தப் புரொமோட்டர் ஒன்றை வெட்டி எடுத்து அயல் மரபணுவின் தலையில் பொருத்துகிறார்கள். இவ்வளவும் நடந்த பிறகு கிடைப்பது அமினோ அமிலங்களின் ஒரு நீண்ட சங்கிலி மட்டுமே. சங்கிலியும் புரதமும் ஒன்றல்ல. தோவாளையில் பூக்கட்டுபவர்கள் பூவை நாரில் வரிசையாகத் தொடுத்தால் அது சரம். அதே பூவை இதழ் மடித்து அடுக்கிக் கட்டினால்தான் அது மாணிக்க மாலை. பூ மாறவில்லை, மடிப்பு மாறியிருக்கிறது. புரதத்தின் வேலையும் அப்படி அதன் மடிப்பில்தான் இருக்கிறது; தவறாக மடிந்த இன்சுலின் சர்க்கரையைக் குறைக்காது, தவறாக மடிந்த வைரஸ் புரதம் சரியான எதிர்ப்பொருளை எழுப்பாது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்த்துத் தடுப்பூசி செய்வது நடைமுறையில் இயலாததாக இருந்தது. ஆனால் நோய் தொற்றியவர்களின் இரத்தத்தில் வைரஸோடு கூடவே, மரபுப்பொருள் எதுவும் இல்லாத வெறும் மேலுறைத் துகள்களும் பெருமளவில் மிதந்தன. அந்த மேலுறைப் புரதத்தை முதலில் கண்டறிந்த பரூச் பிளம்பெர்க்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் தடுப்பூசி, தொற்று உள்ளவர்களின் இரத்தப் பிளாஸ்மாவிலிருந்தே இந்தத் துகள்களைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திச் செய்யப்பட்டது. அது வேலை செய்தது. ஆனால் நோயாளிகளின் இரத்தம் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான் தடுப்பூசி. எய்ட்ஸ் பற்றிய அச்சம் எழுந்த அதே ஆண்டுகளில், பிறர் இரத்தத்திலிருந்து வந்த மருந்தை ஏற்க மக்கள் தயங்கியதும் இயல்பே.

முதலில் பாக்டீரியாவிடம்தான் இந்த வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மரபணு நுழைந்தது, ஆனால் பயனுள்ள வடிவில் புரதம் கிடைக்கவில்லை. 1982இல் வாலென்சுவேலா, ரட்டர், ஹால் ஆகியோரின் குழு அதே மரபணுவை ஈஸ்ட்டில், ஆல்ககால் உண்டாக்கும் நொதிக்குரிய புரொமோட்டரின் பின்னே வைத்தது. ஈஸ்ட்டை உடைத்துப் பார்த்தபோது, நோயாளிகளின் இரத்தத்தில் காணப்படுவதைப் போன்ற, ஏறத்தாழ 22 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைத் துகள்களாகப் புரதம் திரண்டிருந்தது. 226 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி, கொழுப்புப் பொருளோடு சேர்ந்து, நூறு நூறாகக் கூடித் துகளாவதுதான் இந்தத் தடுப்பூசியின் உயிர்நிலை. தனித்தனியாகக் கிடக்கும் சங்கிலியை நம் நோயெதிர்ப்பு அமைப்பு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. 1986இல் மெர்க் நிறுவனத்தின் ஈஸ்ட் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மரபணுப் பொறியியலால் செய்யப்பட்டு மனிதருக்குப் போடப்பட்ட முதல் தடுப்பூசி அதுதான்.

இந்தப் புரதம் ஈஸ்ட்டுக்கு வெளியே வருவதில்லை, உள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே உயிரணுக்களை அறுவடை செய்து, உயர் அழுத்தத்தில் உடைத்து, ஈஸ்ட்டின் ஆயிரக்கணக்கான சொந்தப் புரதங்களிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் டிஎன்ஏவிலிருந்தும் அந்தத் துகளை மட்டும் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். படி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. கடைசியில் கிடைக்கும் தூய துகள்களை அலுமினிய உப்பின் மேல் படியவைத்துக் குப்பியில் அடைக்கிறார்கள். அந்தக் கலவை உறைந்துபோனால் கெட்டுவிடும்; அதனால்தான் சுகாதார நிலையங்களில் இதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள், உறையாமல் காக்கிறார்கள்.

நான் கையாண்டது சாக்கரோமைசிஸ் அல்ல, பிக்கியா பாஸ்டோரிஸ் என்ற வேறோர் ஈஸ்ட். இன்று வகைப்பாட்டியலில் அதற்குக் கோமகட்டேல்லா என்று பெயர் மாறிவிட்டாலும் ஆய்வகங்களில் எல்லோரும் பிக்கியா என்றே சொல்கிறார்கள். மெத்தனால் என்ற எளிய ஆல்ககாலை உணவாகக் கொண்டு வளரக்கூடிய அரிய உயிர் அது. மெத்தனால் மலிவாக இருந்த காலத்தில், அதைக் கொடுத்து ஈஸ்ட்டை வளர்த்துக் கால்நடைத் தீவனப் புரதமாக விற்கலாம் என்று அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம் திட்டமிட்டது. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் மெத்தனால் விலை ஏறிவிட, சோயாப் புண்ணாக்கோடு போட்டியிட முடியாமல் அந்தத் திட்டம் நின்றுபோனது. ஆனால் அந்த ஈஸ்ட்டை மிக அடர்த்தியாக வளர்க்கும் முறை கைவசம் மிஞ்சியது. 1980களில் அந்நிறுவனத்தோடு சேர்ந்து சான் டியாகோவின் சிபியா என்ற ஆய்வு நிறுவனத்தார் அதை அயல் புரதம் செய்யும் அமைப்பாக மாற்றினார்கள். தீவனத்துக்காகத் தொடங்கிய முயற்சி தோற்றிராவிட்டால் இந்தியாவின் மலிவான தடுப்பூசிகள் வேறு வழியைத் தேட வேண்டியிருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பிக்கியாவின் ஆற்றல் ஒரு புரொமோட்டரில் இருக்கிறது. மெத்தனாலைச் சிதைக்க ஆல்ககால் ஆக்சிடேஸ் என்ற நொதி அதற்குத் தேவை. அந்த நொதி வேகம் குறைந்தது என்பதால் ஈஸ்ட் அதை மிகுதியாகச் செய்துகொள்கிறது. மெத்தனாலில் வளரும்போது உயிரணுவின் கரையும் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே நொதியாக இருக்கும். கிளிசராலோ குளுக்கோஸோ இருக்கும்வரை அந்த நொதியின் மரபணு முற்றிலும் அடங்கியிருக்கும். அதன் புரொமோட்டருக்குப் பின்னால் நம் மரபணுவை வைத்துவிட்டால், நாம் மெத்தனால் கொடுக்கும் நேரம்தான் உற்பத்தி தொடங்கும் நேரம்.

இதை நடத்தும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. முதலில் வளர்ப்புக் கலனில் கிளிசராலைக் கொடுத்து ஈஸ்ட்டைப் பெருக்குகிறோம். இந்தக் கட்டத்தில் அது அயல் புரதம் எதையும் செய்வதில்லை, தன்னைப் பெருக்கிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. கிளிசரால் தீர்ந்ததும், மெத்தனாலைச் சிறிது சிறிதாக விடத் தொடங்குகிறோம். அளவு மிஞ்சினால் ஈஸ்ட்டுக்கே அது நஞ்சு, ஏனென்றால் மெத்தனால் சிதையும்போது உயிரணுவுக்குள் ஃபார்மால்டிஹைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. அளவு குறைந்தால் உற்பத்தி நின்றுவிடும். ஈஸ்ட் மெத்தனாலை முழுவதும் உண்டுவிடுகிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு: மெத்தனால் வரும் குழாயைச் சற்று மூடிவிட்டுக் கரைந்துள்ள ஆக்சிஜனின் அளவைக் கவனிக்க வேண்டும். உணவு நின்றதும் ஈஸ்ட் மூச்சைக் குறைக்கிறது, ஆக்சிஜன் அளவு சட்டென்று மேலே ஏறுகிறது. உடனே ஏறினால் பசியோடு இருக்கிறது என்று பொருள்; தாமதமாக ஏறினால் மெத்தனால் தேங்கியிருக்கிறது, விடும் வேகத்தைக் குறைக்க வேண்டும். கணினித் திரையில் அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்து ஓர் உயிரின் நிலையை அறிந்துகொள்வதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டு.

மெத்தனால் கட்டத்தில் ஈஸ்ட் பெரும் வெப்பத்தை வெளியிடுகிறது. குளிர்நீர் சுற்றிவரும் உறை இல்லாவிட்டால் கலனின் சூடு 30 டிகிரியைத் தாண்டிவிடும். தாண்டினால் உயிரணுக்கள் சிதையத் தொடங்கி, உள்ளிருக்கும் புரதம்வெட்டி நொதிகள் வெளியே கொட்டி, நாம் செய்வித்த புரதத்தையே தின்றுவிடும். எனவே பலர் சூட்டை 25 டிகிரிக்கும் கீழே கொண்டுபோகிறார்கள். மெதுவாக வளரும் உயிரணு புரதத்தை நிதானமாக, சரியாக மடிக்கிறது என்ற பலனும் அதில் உண்டு. அமிலத்தன்மையைச் சீராக வைக்க அம்மோனியா நீரைச் சேர்க்கிறோம், அதுவே ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் உணவாகவும் ஆகிறது. இறுதியில் கலனிலுள்ள நீர்மத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஈஸ்ட்டாகவே இருக்கும். இந்த ஏற்பாடுகள் எதற்கும் பாடநூல் படத்தில் இடமில்லை.

மடிப்பின் கதைக்கு இன்சுலினை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அதில் 51 அமினோ அமிலங்கள்தாம். 21 கொண்ட ஏ சங்கிலியும் 30 கொண்ட பி சங்கிலியும் மூன்று கந்தகப் பிணைப்புகளால் கட்டப்பட்டிருக்கின்றன. முன்பு பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்கள். பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு, மாட்டினுடையதற்கு மூன்று. 1982இல் பாக்டீரியாவில் செய்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது. ஆனால் பாக்டீரியாவுக்குள் அந்தச் சங்கிலி ஒழுங்காக மடியாமல் கரையாத கட்டியாகத் தேங்கிவிடுவதால், அதைக் கரைத்து, அவிழ்த்து, வெளியே எடுத்து மீண்டும் மடிக்க வேண்டும். ஈஸ்ட்டில் அந்த மடிப்பு உள்ளேயே நடந்து, கந்தகப் பிணைப்புகளும் சரியான இடத்தில் விழுந்து, புரதம் வெளியே வருகிறது.

வெளியே வரவைக்கும் உத்தி ஈஸ்ட்டின் இல்லற வாழ்க்கையிலிருந்து எடுத்தது. ஈஸ்ட்டில் இரு பால்கள் உண்டு. ஒரு பால், மறு பாலை அழைக்க 13 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தை வெளியே விடுகிறது. அந்த அழைப்புப் புரதம் முதலில் ஒரு நீண்ட முன்பகுதியோடு செய்யப்பட்டு, எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் சென்று, வெளியேறும் வழியில் கெக்ஸ்-2 என்ற நொதியால் முன்பகுதி வெட்டப்பட்டு, தனியாக வெளிவருகிறது. அந்த முன்பகுதியை மட்டும் எடுத்து இன்சுலின் சங்கிலியின் தலையில் ஒட்டிவிட்டால், தன் துணையை அழைக்கும் வழியிலேயே ஈஸ்ட் இன்சுலினையும் வெளியே அனுப்பிவிடுகிறது. டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1987 முதல் இப்படித்தான் சாக்கரோமைசிஸில் மனித இன்சுலினைச் செய்து விற்கிறது. நம் உடலில் இரு சங்கிலிகளையும் முதலில் இணைத்திருக்கும் நீண்ட இடைத்துண்டோடு ஈஸ்ட் சரியாக ஒத்துப்போகவில்லை என்று கண்ட அவர்கள், அதற்குப் பதிலாக மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட இணைப்பை வைத்தார்கள்; வெளிவந்த பிறகு அதை நொதியால் வெட்டி, பி சங்கிலியின் கடைசி அமினோ அமிலமான திரியோனைனையும் பிறகே சேர்த்தார்கள். மனித மரபணுவை அப்படியே ஈஸ்ட்டில் வைத்தார்கள் என்று சொல்வது இதனால்தான் போதாது. ஈஸ்ட்டுக்கு எது இயலும் என்று பார்த்து அந்த மரபணுவையே திருத்தி எழுதினார்கள். பெங்களூரின் பயோகான் நிறுவனம் பிக்கியாவில் செய்த இன்சுலினை 2004இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஈஸ்ட்டால் இயலாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் உடலின் பல புரதங்களின் மேல் சர்க்கரைக் கிளைகள் ஒட்டியிருக்கும். ஈஸ்ட்டும் சர்க்கரையை ஒட்டுகிறது, ஆனால் தன் வழக்கப்படி மானோஸ் என்ற சர்க்கரையை அடுக்கடுக்காக, சாக்கரோமைசிஸில் சில சமயம் ஐம்பதுக்கும் மேலாக, ஒட்டிவிடுகிறது. மனித உடல் அந்தக் கிளைகளை அயலானவை என்று அடையாளம் கண்டு, அந்தப் புரதத்தை விரைவாக இரத்தத்திலிருந்து அகற்றிவிடுகிறது. சிறுநீரக நோயாளிகளுக்குப் போடும் எரித்ரோபொய்ட்டினையும், புற்றுநோய்க்குத் தரும் எதிர்ப்பொருள் மருந்துகளையும் ஈஸ்ட்டில் செய்யாமல், செலவு மிகுந்த வெள்ளெலி உயிரணுக்களில் செய்வதற்கு முதன்மையான காரணம் இதுவே. இன்சுலினுக்குச் சர்க்கரைக் கிளை கிடையாது என்பது நமக்குப் பெரும் வாய்ப்பு. ஈஸ்ட்டின் சர்க்கரை ஒட்டும் நொதிகளை நீக்கி மனித நொதிகளை வைக்கும் வேலையை அமெரிக்காவின் கிளைகோஃபை நிறுவனம் 2003 முதல் வெளியிட்டு வந்தது. பிக்கியாவை வைத்து மனித வகைக் கிளைகளோடு புரதம் செய்யவும் முடிந்தது. அருமையான அறிவியல் அது. ஆனால் வெள்ளெலி உயிரணுக்களை அது இன்னும் அகற்றிவிடவில்லை.

சில சமயம் எளிய வழியே போதும். கொரோனாவுக்கு எதிராக ஹைதராபாத்தின் பயோலாஜிகல் இ நிறுவனம் தயாரித்த கோர்பேவாக்ஸ், பிக்கியாவில் செய்த ஒரு சிறு புரதம். வைரஸின் கூர்முனைப் புரதத்தில் நம் உயிரணுவைத் தொட்டுப் பிடிக்கும் பகுதி மட்டும். அமெரிக்காவின் டெக்சாஸில் பீட்டர் ஹோட்டெஸ், மரியா எலேனா பொட்டாஸி ஆகியோரின் குழு அதை வடிவமைத்தபோது, ஈஸ்ட் சர்க்கரையைக் குவித்துவிடக்கூடிய ஓர் அமினோ அமிலத்தையே அந்தச் சங்கிலியின் முனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காப்புரிமை கோராமல் அதைப் பகிர்ந்தும் கொடுத்தார்கள். 2022 மார்ச் மாதம் 12 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் போடப்பட்ட ஊசி அதுதான்.

அந்த நாட்களில்தான் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "டீச்சரே, எனக்க பேரப்பிள்ளைக்குப் போடப்போற ஊசி மரபணு மாத்துனதுன்னு சொல்லுதாவ. அது பிள்ளைக்க உடம்புல போய் ஒட்டிக்கிடுமா?" அக்கறையோடு கேட்கப்பட்ட நியாயமான கேள்வி அது, அதற்கு முழுமையான பதில் சொல்வது என் கடமை என்று நினைத்தேன். மரபணு மாற்றப்பட்டது ஈஸ்ட். அந்த ஈஸ்ட் தொழிற்சாலையின் கலனோடு நின்றுவிடுகிறது. ஊசியில் இருப்பது அது செய்து வெளியே விட்ட புரதம். புரதம் தன்னைப் பெருக்கிக்கொள்ளாது, மரபணுவில் போய் எழுதாது. நோயெதிர்ப்பு அமைப்பு அதைப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்ட பிறகு, நாம் உண்ணும் மீனின் புரதத்தைப் போலவே அதுவும் அமினோ அமிலமாகச் சிதைந்துவிடும். தூய்மைப்படுத்திய பிறகும் எஞ்சும் ஈஸ்ட் புரதத்துக்கும் டிஎன்ஏவுக்கும் மிகச் சிறிய வரம்பு வைத்துச் சோதிக்கிறார்கள். ஈஸ்ட்டுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் ஹெபடைட்டிஸ் பி ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆப்பமும் ரொட்டியும் சாப்பிட்டு எதுவும் ஆகாத பிள்ளைக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, பேரனை அனுப்பினார்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அறிவியல் நம் வாசல் வரை வந்தது விலை இறங்கியதால்தான். 1990களில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வெளிநாட்டிலிருந்து வந்தது. நடுத்தரக் குடும்பமே தன் பிள்ளைகள் அனைவருக்கும் போட யோசிக்கும் விலை. வரபிரசாத ரெட்டி தொடங்கிய ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், பிக்கியாவில் செய்த தடுப்பூசியை 1997இல் கொண்டுவந்தது; மரபணுப் பொறியியலால் இந்தியாவிலேயே உருவான முதல் தடுப்பூசி அது. அடுத்தடுத்து வேறு இந்திய நிறுவனங்களும் இறங்க, விலை பல மடங்கு சரிந்தது. மலிவான உப்புகளிலும் கிளிசராலிலும் மெத்தனாலிலும் அடர்த்தியாக வளர்ந்து, தேவைப்படும் நேரத்தில் புரதம் செய்யும் ஓர் உயிர் கிடைத்ததால்தான் அந்த விலை இயன்றது. 2011 டிசம்பரில் ஹெபடைட்டிஸ் பியும் அடங்கிய ஐந்து நோய்க் கூட்டுத் தடுப்பூசியை அரசு அறிமுகப்படுத்தியபோது, நாட்டில் முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும். எல்லையோரத்தில் வாழும் நமக்கு, களியக்காவிளைக்கு இப்புறம் பிறந்த பிள்ளைக்கும் அப்புறம் பிறந்த பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் அந்த ஊசி கிடைத்தது.

மருந்துக்கு வெளியிலும் இதே வழி செல்கிறது. பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிக்கும் கைமோசின் முன்பு கன்றின் இரைப்பையிலிருந்து வந்தது; 1980களின் இறுதியிலிருந்து குளுய்வெரோமைசிஸ் என்ற பால் ஈஸ்ட்டும் அதைச் செய்து தருகிறது.

கடைசியாக, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி. என் வகுப்பில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இதை விரிவாகவே நடத்துகிறேன். அந்த வைரஸின் எல்-1 புரதம் ஐந்தைந்தாகக் கூடி, அத்தகைய 72 ஐந்துகள் சேர்ந்து, 360 மூலக்கூறுகள் கொண்ட ஒரு வெற்றுக் கூடாகின்றது. உள்ளே வைரஸின் மரபுப்பொருள் எதுவும் இல்லை. மெர்க் நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டுத் தடுப்பூசி சாக்கரோமைசிஸில் செய்யப்பட்டது. 2022இல் ஒப்புதல் பெற்ற புனேயின் சீரம் நிறுவனத்து செர்வாவாக், ஹான்செனுலா என்ற, மெத்தனாலில் வளரும் மற்றோர் ஈஸ்ட்டில் செய்யப்படுகிறது. ஈஸ்ட்டுக்குள் உருவாகும் கூடுகள் எல்லாம் ஒரே சீராக இருப்பதில்லை. சில ஓட்டையாகவும் சில கோணலாகவும் திரண்டிருக்கும். எனவே மெர்க்கின் முறையில், தூய்மைப்படுத்தும்போது அந்தக் கூடுகளை வேதிமுறையில் ஐந்தைந்தாகப் பிரித்துவிட்டு, பிறகு சூழலை மாற்றி அவற்றையே மீண்டும் கூடவைக்கிறார்கள். இரண்டாவது முறை கூடும்போது கூடு இறுக்கமாகவும் நிலையாகவும் அமைகிறது. ஈஸ்ட் செய்து கொடுத்ததை மனிதர் அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்கள்.

வரும் பருவத்தில் இந்தப் பாடத்தைப் பிளாஸ்மிட் படத்திலிருந்து தொடங்காமல் இந்த அவிழ்த்துக் கட்டும் படியிலிருந்து தொடங்கி, அங்கிருந்து கலனுக்கும், கலனிலிருந்து மரபணுவுக்கும் பின்னோக்கி நடத்துவதாக இருக்கிறேன். அதற்கான குறிப்புகளை எழுதத் தொடங்கிவிட்டேன்.